ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நாள் ‘காந்தி சுற்று’: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஜோகன்னஸ்பர்க்கில் கார் வைத்து ஊர் காட்டும் வழிகாட்டிகளிடம் ‘காந்தி சுற்று’ என்று ஒன்று தவறாமல் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு மாலை நான்குக்குள் இறக்கிவிடுவார்கள். காந்தி சதுக்கம், பழைய சிறை வளாகமான கான்ஸ்டிடியூஷன் ஹில், மதியச் சாப்பாடு, ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் ஒரு எட்டு, கடைசியாக ஆர்ச்சர்ட்ஸில் அவர் தங்கியிருந்த வீடு. இடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் அசல். எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் கோளாறு. சிலைக்கு முக்கால் மணி நேரம், கல்லறைக்குக் காரிலிருந்தபடியே ஒரு கையசைப்பு என்று போனால் திரும்பும்போது கையில் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

1893இல் வருடத்துக்கு 105 பவுன் கட்டணத்தில் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காக வந்த 23 வயது பாரிஸ்டர், 1914இல் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸோடு பேரம் பேசி முடித்துவிட்டுக் கப்பலேறிய அரசியல்வாதியாக எப்படி ஆனார்? ஜோகன்னஸ்பர்க் சொல்லக்கூடிய கதை இதுதான். மனு எழுதுவது, சந்தாவுக்கு ரசீது போடுவது, பத்திரிகை நடத்துவது, எதிராளியோடு சமரசத்துக்கு உட்காருவது, அந்தச் சமரசத்துக்காகச் சொந்த ஆட்களிடமே அடி வாங்குவது எல்லாம் இந்த ஊருக்குள் ஐந்தாறு இடங்களில் நடந்தவை. அதற்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள், ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் தமிழர்கள். மற்றவர்களைவிடத் தமிழர்கள் அதிகம் தாங்கினார்கள் என்று காந்தியே பலமுறை சொல்லியிருக்கிறார். வழக்கமான சுற்றில் இந்த இரண்டும்தான் விடுபடுகின்றன.

முன்பதிவு செய்யும் முன் போனிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். சத்தியாகிரகி நாகப்பன் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்? டால்ஸ்டாய் பண்ணை விலைக்குள் சேர்த்தியா, தனியா? கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் எந்தச் சிறைக்குள் அழைத்துப் போவீர்கள்? முதல் கேள்விக்கு ‘யார்?’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டாவதற்கு ‘ரோடு சரியில்லை, அங்கே ஒன்றும் இல்லை’ என்பார்கள். அதில் பாதி உண்மை. மூன்றாவதற்கு ‘நம்பர் ஃபோர்’ என்று சொல்பவர் தேறுவார்.

வரிசையையும் மாற்றச் சொல்லுங்கள். இந்த இடங்கள் தெற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன: லாலியில் டால்ஸ்டாய் பண்ணை, நியூடவுன் பள்ளிவாசல், பிராம்ஃபோன்டைன் கல்லறை, கான்ஸ்டிடியூஷன் ஹில், கடைசியில் ஆர்ச்சர்ட்ஸ். காலை ஏழரைக்குக் கிளம்பித் தெற்குக் கோடிக்குப் போய்விட்டு வடக்கே ஏறிவந்தால் ஒரே சாலையில் இரண்டு முறை ஓட வேண்டியதில்லை. தேதி வரிசை கொஞ்சம் குழம்பும். 1906 சத்தியாகிரக உறுதிமொழிக் கூட்டம், 1908 ஜனவரி சிறை, பிப்ரவரியில் காந்தி வாங்கிய அடி, ஆகஸ்டில் சான்றிதழ் எரிப்பு, 1910 பண்ணை, 1913 வேலைநிறுத்தம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். வெளிச்சமும் போக்குவரத்தும் தேதியைவிட முக்கியம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பிற்பகலில் இடிமழை வரும். லாலியின் மண் பாதை நனைந்துவிட்டால் தாழ்வான கார் சிக்கிக்கொள்ளும். அந்த மாதங்களில் பண்ணையை மதியத்துக்கு மேல் வைக்கும் எந்தத் திட்டத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

டால்ஸ்டாய் பண்ணைக்கு ‘ஆசிரமம்’ என்று எதையாவது மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். வீடு இல்லை. அடித்தளத்தின் மிச்சம், கொஞ்சம் மரம், காந்திக்கும் மண்டேலாவுக்கும் மார்பளவுச் சிலைகள், பக்கத்தில் செங்கல் ஆலை, அவ்வளவுதான். நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டவும் முடியாது. பராமரிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதைச் செய்வது வழிகாட்டியின் வேலை. ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று சொல்பவரோடு போனால் வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வரும்படி ஆகும்.

ஆனாலும் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. 1910 மே 30 அன்று ஹெர்மன் காலன்பாக் என்ற ஜெர்மன் யூதக் கட்டடக்கலைஞர் தான் வாங்கிய 1,100 ஏக்கரைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையில்லாமல் கொடுத்தார். காரணம் சித்தாந்தம் மட்டுமில்லை, கணக்கும்தான். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணமாகக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. யாருக்கு எவ்வளவு தேவை என்பதிலும் தகராறு. எல்லாரையும் ஒரே இடத்தில் ஒரே சமையலில் உட்கார வைத்தால் செலவு பாதியாகக் குறையும், போராட்டமும் இழுத்துக்கொண்டு போக முடியும். ஒரு இயக்கத்தின் பொருளாளர் போடும் கணக்கு இது. இதைச் சொல்லாமல் ‘எளிமையான வாழ்க்கை’ என்று மட்டும் பேசும் வழிகாட்டி பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

தொடக்கத்தில் நாற்பது இளைஞர்கள், இரண்டு மூன்று முதியவர்கள், ஐந்து பெண்கள், இருபது முப்பது குழந்தைகள். இரண்டு கிணறும் ஒரு சிறிய ஊற்றும் இருந்தன. ஊற்று 500 கெஜம் தள்ளி; தண்ணீரைக் காவடித் தண்டில் தூக்கி வர வேண்டும். கோதுமையை இரும்புத் திருகையில் தாங்களே அரைத்தார்கள். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்க்குப் பதிலாகத் தொட்டுக்கொண்டார்கள், செலவு வெண்ணெயில் கால்வாசி. தோட்டத்து ஆரஞ்சில் மார்மலேட். காலன்பாக் டர்பன் பக்கம் மரியன்ஹில் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் ஸ்மட்ஸுக்குப் பரிசாகப் போன செருப்பு அந்தக் கைப்பழக்கத்தில் வந்ததுதான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நடைக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிலையைவிட அது அவர்களைப் பிடிக்கும். பொதுக்காரியமாகப் போனால் மட்டும் மூன்றாம் வகுப்பு ரயில். சொந்தக் காரியம் என்றால் நடைதான். இங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல். விடிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஆறேழு மணி நேரம். கையில் கட்டுச்சோறு, ஏனென்றால் ஊரில் வாங்கிச் சாப்பிட்டால் காசு. மிக வேகமாக நடந்தவருக்கு ஆன நேரம் 4 மணி 18 நிமிடம். காரில் திரும்பும்போது அதே தூரத்தைக் கடிகாரம் பார்த்துக்கொண்டே போகலாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே காந்தி தமிழ் சொல்லிக்கொடுத்தார். கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் கைநூலை வைத்துத் தாமாகப் படித்த தமிழ்தான். பிள்ளைகளுக்குத் தம்மைவிட நன்றாகத் தமிழ் தெரியும் என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். லெனேசியாவிலும் டர்பனிலும் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

திரும்பும் வழியில் லெனேசியாவில் காலைச் சாப்பாடு. சைவம் கிடைக்கும் இடமாக முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காந்தி சுற்றுக்கு நடுவில் வண்டியை ஸ்டேக் கடை வாசலில் நிறுத்தும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள்.

அடுத்தது நியூடவுனில் ஹமீதியா பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை போக வேண்டாம். தொழுகைக் கூட்டத்தில் நிறுத்த இடமும் இருக்காது, உள்ளே போவதும் மரியாதை இல்லை. மற்ற நாட்களில் கேட்டுக்கொண்டு போனால் உள்ளே விடுவார்கள். செருப்பை வெளியே விட வேண்டும், பெண்கள் தலைக்குத் துணி கொண்டு போவது நல்லது. பார்க்க வேண்டியது வெளியே நிற்கும் மூன்று கால் கொப்பரை நினைவுச்சின்னம்.

1908 ஆகஸ்ட் 16 அன்று இந்தத் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஆனால் நெருப்பு வைப்பதற்கு முன்னால் நடந்ததுதான் கேட்க வேண்டிய கதை. இந்தியர்கள் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தைத் திரும்பப் பெறாவிட்டால் எரிப்போம் என்று அரசுக்குக் கெடு வைத்திருந்தார்கள். கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு தொண்டர் சைக்கிளில் தந்தியோடு வந்தார். அரசு மறுத்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. ‘நல்ல வேளை, எரிக்கிற வாய்ப்பு கைவிட்டுப் போகவில்லை’ என்கிற மாதிரி. கடைசி நிமிடம் வரை கதவைத் திறந்து வைத்துவிட்டு, எதிராளியே அதைச் சாத்தும்படி செய்து, அதற்கப்புறம் கூட்டத்தின் முன்னால் தீ வைப்பது. பின்னால் இந்தியாவில் திரும்பத் திரும்பப் பார்த்த உத்தி இங்கேதான் ஒத்திகை பார்க்கப்பட்டது.

அதே கூட்டத்தில் மீர் ஆலம் என்ற பட்டாணியர் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தம் சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார். ஆறு மாதம் முன்பு, பிப்ரவரி 10 அன்று, பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் காந்தியை மயக்கம்போட அடித்தவர் இவர்தான். பத்து விரல் ரேகை கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஸ்மட்ஸோடு ஒப்பந்தம் போட்டு, இப்போது தாமே முதல் ஆளாக ரேகை வைக்கப் போகிறாரே, விலை போய்விட்டாரோ என்ற கோபம். அன்றைக்குக் குறுக்கே விழுந்து அடி வாங்கியவர் கூடப் போன சத்தியாகிரகி தம்பி நாயுடு. ஜோசப் டோக் என்ற பாதிரியார் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபடியே காந்தி ரேகை வைத்தார். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். சட்டத்தை நீக்குவதாகச் சொன்ன வாக்கை ஸ்மட்ஸ் காப்பாற்றவில்லை என்பதால்தான் ஆகஸ்டில் கொப்பரை. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லாத வழிகாட்டிக்குப் பள்ளிவாசல் ஒரு போட்டோ நிறுத்தம் மட்டும்தான்.

இங்கிருந்து சில நிமிடத்தில் பிராம்ஃபோன்டைன் கல்லறை. தமிழ்க் குடும்பங்களுக்கு முழு நாளில் முக்கியமான இடம் இதுதான். சாதாரணச் சுற்றுகளில் மிகவும் அவசரமாக முடிக்கப்படுவதும் இதுதான். குறைந்தது முக்கால் மணி நேரம் கேளுங்கள். இடம் பெரியது, பலகைகளை நம்பித் தேடினால் நேரம் போய்விடும். வாசல் அலுவலகத்தில் ‘வள்ளியம்மா, நாகப்பன்’ என்று கேட்டால் காட்டுவார்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் முதல் பகுதியை இயற்றிய ஈனாக் சொன்டொங்காவின் நினைவிடமும் இதே கல்லறையில்தான் இருக்கிறது. அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். மண்டபம், கூரை, மாலை போட மேடை என்று எதிர்பார்க்க வேண்டாம். மற்றக் கல்லறைகளுக்கு நடுவே நினைவுக்கற்கள். பூ வேண்டுமென்றால் வரும்போதே வாங்கி வந்துவிடுங்கள். ஓரமான பாதைகளில் ஆள் நடமாட்டம் குறைவு, போனையும் பையையும் காரில் வெளியே தெரியும்படி வைக்காமல் குழுவாகவே நடங்கள்.

சாமி நாகப்பனுக்கு 18 வயது. 1909 ஜூனில் பத்து நாள் கடுங்காவல். ஜூன் இங்கே நடுக்கும் குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். கோட்டைச் சிறையிலிருந்து (இன்றைய கான்ஸ்டிடியூஷன் ஹில்) ஜுக்ஸ்கெய் ஆற்றுப் பக்கம் சாலைபோடும் முகாமுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். கூடாரத்தில் படுக்கை, விடியற்காலையில் கல்லுடைப்பு. மாதக் கடைசியில் விடுதலையாகி வரும்போதே நுரையீரல் காய்ச்சல். ஜூலை 6 அன்று இறந்தார். மறு வருடம் நாராயணசாமி. நாடு கடத்தப்பட்டு இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவரை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை; கப்பலிலேயே அலைக்கழிந்து 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா குடாவில் உயிர் போனது. அவருக்கு இந்த ஊரில் கல் இல்லை. நல்ல வழிகாட்டி நாகப்பனின் கல் முன்னால் நின்றே அவர் பெயரையும் சொல்லிவிடுவார்.

வள்ளியம்மையைத் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துப் பெயர் அவருடையது. ஆனால் அங்கே படித்தது பல சமயம் தவறாக இருக்கிறது. அவர் பிறந்தது தில்லையாடியில் இல்லை, அது பெற்றோரின் ஊர். பிறந்து வளர்ந்தது இதே ஜோகன்னஸ்பர்க்கில். இறந்ததும் சிறைக்குள் இல்லை. மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நடந்த 1913 வேலைநிறுத்தத்தின்போது தாயோடு எல்லை தாண்டிக் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று வீட்டில் இறந்தார். வயது 16. காந்தி பார்க்கப் போனபோது, சிறைக்குப் போனதற்கு வருத்தமில்லை, இப்போது கைது செய்தாலும் மறுபடி போவேன் என்று அவர் சொன்னதாகக் காந்தியே எழுதி வைத்திருக்கிறார்.

இருவரின் நினைவுக்கற்களையும் 1914 ஜூலை 15 அன்று காந்தியே திறந்துவைத்தார். மூன்று நாள் கழித்துக் கேப்டவுனில் கப்பலேறிவிட்டார். மூன்று பவுன் தலைவரி ஒழிந்தது, இந்தியத் திருமணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது. டிரான்ஸ்வாலில் நிலம் வாங்கும் உரிமை, மாகாணம் விட்டு மாகாணம் போகும் உரிமை எதுவும் வரவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு மீதியைப் பிறகு கேட்கலாம் என்று முடித்த ஒப்பந்தம் அது. அது சரியா தவறா என்று இங்கே தமிழ்க் குடும்பங்களில் இன்னும் வாக்குவாதம் நடக்கும். கல்லின் முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க வழிகாட்டி இடம் கொடுக்க வேண்டும்.

கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் கட்டணம் உண்டு, நேரம் குறித்த சுற்றுகளாகத்தான் உள்ளே விடுவார்கள். பொதுவாக ஒரு மணி நேரச் சுற்று, இரண்டு மணி நேரச் சுற்று என்று இரண்டு வகை. ஒரு மணி நேரத்தில் காந்தி பகுதி ஓட்டமாக முடிந்துவிடும், நீண்டதை எடுங்கள். பின்மதியத்துக்குப் பதிவு செய்தால் கல்லறையில் அவசரப்பட வேண்டியதில்லை. படிகளும் சரளைக் கற்களும் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நம்பர் ஃபோர் என்பது வெள்ளையர் அல்லாத கைதிகளின் சிறை. சாப்பிடும் இடத்துக்கு எதிரிலேயே மறைப்பில்லாத கழிப்பறைகள், இனவாரியாக யாருக்கு என்ன சாப்பாடு என்ற பட்டியல், கைதிகள் கம்பளியை மடித்துச் செய்த உருவங்கள் என்று அந்தக் கூடங்களே பேசும். காந்திக் கண்காட்சியில் நின்று கேட்க வேண்டியது 1908 ஜனவரி 28 தேதியிட்ட கடிதத்தைப் பற்றி. ஆல்பர்ட் கார்ட்ரைட் என்ற பத்திரிகை ஆசிரியர் ஸ்மட்ஸிடமிருந்து சமரச வரைவைச் சிறைக்கே கொண்டு வந்தார். காந்தி அதில் திருத்தம் செய்தார். கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர்: காந்தி, சீனர்களின் தலைவர் லியுங் க்வின், தம்பி நாயுடு. இரண்டு நாள் கழித்துப் பிரிட்டோரியாவில் ஸ்மட்ஸைப் பார்த்து அங்கேயே விடுதலை. கையில் ஒரு காசில்லை. ஜோகன்னஸ்பர்க் திரும்ப ரயில் கட்டணத்தை ஸ்மட்ஸின் செயலாளரிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்.

மொரீஷியஸில் பிறந்து, வண்டிச்சரக்கு வியாபாரம் செய்து, பெரிதாகப் பள்ளிக்கூடம் போகாத தம்பி நாயுடுவின் கையெழுத்து அந்தக் கடிதத்தில் இருக்கிறது. காந்திக்கு அவர்மேல் இருந்த ஒரே மனத்தாங்கல் அவருடைய முன்கோபம். அது மட்டும் இல்லாதிருந்தால் காச்சலியா என்ற தலைவர் இல்லாதபோது டிரான்ஸ்வாலுக்குத் தலைமை தாங்கியிருப்பார் என்று எழுதினார். நம்பர் ஃபோர் கூடத்தில் இவர் பெயரைச் சொல்லாமல் வெளியே வந்தால் வழிகாட்டியிடமே கேளுங்கள். அவர் பேரன் இந்திரஸ் நாயுடு ராபன் தீவுச் சிறையில் பத்து வருடம் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் 1908இலிருந்து அப்பார்ட்ஹைட் காலம் வரை ஒரே இழையாகப் பிடிபடும்.

இதே இடத்தில்தான் சங்கடமான பேச்சும் வரும், வரத்தான் வேண்டும். கறுப்பினக் கைதிகளோடு சேர்த்து அடைத்ததைக் காந்தி அவமானமாக எழுதினார். அன்றைக்கு அவர்களைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்களை இன்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 2015இல் நகரில் உள்ள அவர் சிலைமீது வெள்ளைச் சாயம் ஊற்றியதற்கு இதுதான் பின்னணி. பல வழிகாட்டிகள் இந்தப் பேச்சு வந்தாலே அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கறுப்பின வழிகாட்டிகளோடு போனால் இந்தப் பகுதி நேர்மையாக இருக்கும் என்பது எங்கள் அனுபவம். இந்திய வம்சாவளி வழிகாட்டிகளில் அதைத் தயங்காமல் பேசுபவர்கள் குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை, வீட்டுக்குப் போனதும் இணையத்தில் அவர்களே படித்துவிடுவார்கள்.

வெளியே வரும்போது அரசியல் சட்ட நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். விசாரணைக் கைதிகளின் பழைய கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களையே மறுபடி பயன்படுத்திக் கட்டியது; 2004இல் திறந்தார்கள். பழைய படிக்கட்டுக் கூண்டுகள் நான்கையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

காந்தி சதுக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். வக்கீல் அங்கி காற்றில் பறக்க நிற்கும் இளம் காந்தி, 2003இல் வைத்த வெண்கலச் சிலை. சுற்றிலும் பஸ் நிலையம். அவர் வாதாடிய நீதிமன்றம் இங்கே நின்றிருந்தது, இப்போது இல்லை. அலுவலகம் ரிசிக் தெருவும் ஆண்டர்சன் தெருவும் சந்திக்கும் முனையில். கூட்ட நேரத்தில் போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டாம்.

ஆர்ச்சர்ட்ஸ் வீடு காலன்பாக் 1907இல் கட்டியது. 1908-09இல் காந்தி அவரோடு தங்கியிருந்தார். இப்போது சத்தியாகிரக இல்லம் என்ற பெயரில் தங்கும் விடுதியாகவும் அருங்காட்சியகமாகவும் நடக்கிறது, சைவச் சாப்பாடு. கூரை வேய்ந்த ஆப்பிரிக்கக் குடில் பாணி, நல்ல தோட்டம், அமைதி. பார்வையாளராகப் போகிறவர்களும் முன்பதிவு செய்தே போங்கள். தங்கியிருப்பவர்கள் இருக்கும்போது திடீரென்று குழுவாக நுழைவது சரியில்லை. ரசனையாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அழகான இடத்தை முதலில் பார்த்துவிட்டால் நாகப்பனின் சாலைமுகாம் மண்டையில் ஏறாது. அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறோம். பக்கத்துப் பகுதியான மெல்ரோஸில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. பழைய தமிழ்க் கோயில், காவடிக்குப் பெயர்போனது. நடை திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் நாளை அங்கே முடித்துக்கொள்ளலாம்.

டர்பனிலிருந்து வருபவர்கள் ‘எங்களிடம் ஃபீனிக்ஸ் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு 1904இல் தொடங்கியது, 1985 கலவரத்தில் எரிந்து, மறுபடி கட்டி 2000இல் திறந்தது. பத்திரிகையையும் அச்சகத்தையும் தெரிந்துகொள்ள அதுதான் இடம். மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையமும் அங்கே ஒரு மணி நேர ஓட்டத்தில். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு டர்பன் வசதி. ஆனால் சிறைக்குள் எழுதிய ஒப்பந்தம், அதனால் விழுந்த அடி, எரித்த சான்றிதழ் மூன்றையும் ஒரே பகலில் நடந்து பார்க்க ஜோகன்னஸ்பர்க்தான். இரண்டு ஊர்க் கதையையும் குழப்பிக்கொள்ளும் வழிகாட்டிகள் உண்டு. ரயிலிலிருந்து தள்ளியது இந்த ஊரில் என்று சொல்பவரிடம் மிச்சத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைநிறுத்தக்காரர்கள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்த 1913 நெடும்பயணத்தை இந்தச் சுற்றில் சேர்க்க முடியாது. எல்லையோர ஊர்களான சார்ல்ஸ்டவுனும் வோல்க்ஸ்ரஸ்டும் போய் வரவே ஒரு தனி நாள் வேண்டும். காரில் போகும்போது சொல்ல ஒரு கணக்கு மட்டும்: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வண்டியில் ஒரு ரொட்டியை எடுத்துக் காட்டி விளக்கிய வழிகாட்டி ஒருவர் உண்டு. அவருக்குத் தாராளமாக டிப்ஸ் கொடுக்கலாம்.

விலை விஷயத்தில் ஒன்று. பள்ளிவாசல், கல்லறை, சதுக்கம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆக நீங்கள் கொடுப்பது காருக்கும், வழிகாட்டியின் தலையில் இருக்கும் சரக்குக்கும், கான்ஸ்டிடியூஷன் ஹில் டிக்கெட்டுக்கும்தான். ‘எல்லாக் கட்டணமும் உட்பட’ என்று போட்டுத் தொகையை ஏற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். லாலிக்குக் கூடுதல் எரிபொருள் கேட்பது நியாயம். போகாமல் விட்டால் அதைக் கழிப்பதும் நியாயம்.

அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பண்ணையையும் ஆர்ச்சர்ட்ஸையும் விட்டுவிடுங்கள். காலை எட்டரைக்குக் கல்லறை, பிறகு பள்ளிவாசல், பத்தரைக்கு நம்பர் ஃபோரின் நீண்ட சுற்று. ஒரு மணிக்குள் முடிந்துவிடும். சொந்தக் காரில் போனால் பார்க்கிங் கவலை பள்ளிவாசல் பக்கம் மட்டும்தான், அங்கே ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும்.